எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று செயலி ஏன் கேட்கவில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 58 வயது. ஐந்தாறு வருடமாக முழங்கால் வலி, இடுப்பில் விறைப்பு. குனிந்து வாசல் பெருக்க முடியவில்லை. போனில் ஒரு செயலி கேட்ட இருபது சொச்சம் கேள்விகளுக்குப் பதில் தட்டினீர்கள். மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் என்று பெயர்கள் வந்தன. பிறகு தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள். அவர் உட்காரச் சொன்ன கையோடு கேட்டது, “எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?” போர் தண்ணீர் என்றதும், புளோரைடாக (நிலத்தடி நீரில் கரைந்து வந்து எலும்பில் ஏறும் உப்பு) இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்றார். “பெரிய பெரிய டாக்டர்களோட அறிவையெல்லாம் ஏத்தின எக்ஸ்பர்ட் சிஸ்டம்னு சொல்றாங்க. அதுக்கு இது ஏன் தெரியலை? அப்போ அதை நம்பலாமா, கூடாதா?” என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில், அம்மா விஷயத்தில் யார் சொன்னது சரி என்ற கவலையும் இருக்கிறது. இரண்டுக்கும் சொல்கிறேன், முதலாவதற்கு விரிவாக, இரண்டாவதற்கு என்னால் முடிந்த அளவு. உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, தொட்டுப் பரிசோதிக்கவில்லை. இங்கே எழுதுவது சிகிச்சை இல்லை.

நான் பொது மருத்துவம் படித்தவன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அரசு மருத்துவமனைகளில் முப்பது வருடம் ஓபி பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் என் தொழில் இல்லை. ஆனால் இந்தப் பைத்தியம் எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்பது மந்திரப் பெட்டி இல்லை. ஒரு நிபுணர் நோயாளியைப் பார்க்கும்போது அவர் மனதில் ஓடும் “இப்படி இருந்தால் அப்படி இருக்கலாம்” என்ற கணக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எழுதி வைத்த தொகுப்பு. மருத்துவத்தில் முதலில் பெயர் வாங்கியவற்றில் ஒன்று மைசின். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கியது. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கும் மூளைக்காய்ச்சல் நோயாளிக்கும் எந்தக் கிருமி காரணமாக இருக்கலாம், எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்வது அதன் வேலை. உள்ளே சில நூறு விதிகள். ஒவ்வொரு விதிக்கும் ஒரு நம்பிக்கை எண்: இன்ன இடத்திலிருந்து எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்து, அது குடல் வழியாக நுழைந்திருக்கலாம் என்று தோன்றினால், இன்ன கிருமியாக இருக்க 0.7 அளவு ஆதரவு உண்டு என்கிற மாதிரி. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அது ஒரு கேள்வி கேட்டால், “ஏன் கேட்கிறாய்?” என்று நாம் திருப்பிக் கேட்கலாம். எந்த விதியைச் சோதிக்கக் கேட்கிறேன் என்று சொல்லும். நம் ஊரில் எந்த டாக்டரிடம் அப்படிக் கேட்டுவிட முடியும்?

1979-ல் அதைச் சோதித்தார்கள். பத்து மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரத்தை மைசினிடமும் ஸ்டான்போர்டின் நிபுணர்களிடமும் மற்ற மருத்துவர்களிடமும் கொடுத்து, யார் எழுதியது என்று சொல்லாமல், வெளியூர் நிபுணர்கள் எட்டு பேரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். மைசின் சொன்ன சிகிச்சையில் 65 சதவீதம் ஏற்கத்தக்கது என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் நிபுணர்கள் எழுதியவற்றுக்கு 42.5 முதல் 62.5 சதவீதம் வரை. இதை “கம்ப்யூட்டர் டாக்டரை ஜெயித்தது” என்று படிப்பவர்கள் உண்டு. நான் படிப்பது வேறு மாதிரி. நிபுணர்கள் எழுதியதையே பிற நிபுணர்கள் பாதிக்குப் பாதிதான் ஒப்புக்கொண்டார்கள். எந்த அறிவை உள்ளே ஏற்றுவது என்பதிலேயே அறிவாளிகளுக்குள் ஒற்றுமை இல்லை. இவ்வளவு நன்றாகச் செய்தும் மைசின் வார்டில் ஒரு நாள்கூட வாடிக்கையாகப் பயன்பட்டதில்லை. ஒரு நோயாளியின் விவரத்தைத் தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் பதில் இல்லை.

அடுத்து பிட்ஸ்பர்க்கில் ஜாக் மையர்ஸ் என்ற பெரிய மருத்துவர். அவர் தலைக்குள் இருந்ததை எடுத்து இன்டர்னிஸ்ட் என்ற ஒன்றைக் கட்டினார்கள். 500-க்கும் மேற்பட்ட நோய்கள், சில ஆயிரம் அறிகுறிகள். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இதன் கட்டமைப்புதான். ஒவ்வொரு அறிகுறிக்கும் நோய்க்கும் இடையே அது இரண்டு எண்களை வைத்திருந்தது. ஒன்று, இந்த அறிகுறியைப் பார்த்தால் இந்த நோய் எவ்வளவு தூரம் நினைவுக்கு வர வேண்டும் என்பது. மற்றொன்று, இந்த நோய் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த அறிகுறி இருக்கும் என்பது. இரண்டும் ஒன்று போலத் தோன்றும்; இல்லை. எலும்பில் புளோரைடு ஏறிய பெரும்பாலோருக்கு மூட்டு வலி, விறைப்பு இருக்கும்; ஆகவே இரண்டாவது எண் பெரியது. மூட்டு வலி என்று வருபவர்களில் எத்தனை பேருக்குப் புளோரைடு? அது நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னை மயிலாப்பூரில் உட்கார்ந்தால் அனேகமாக யாரும் இல்லை. நம் தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலோ காரிமங்கலத்திலோ உட்கார்ந்தால் அப்படித் தள்ளிவிட முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள், எந்தக் கணக்கெடுப்பும் இல்லை. மூட்டு விறைப்புள்ள 1000 பேர் ஓர் ஊரில். அவர்களில் 100 பேருக்குப் புளோரைடு பாதிப்பு. நம்மிடம் ஒரு சோதனை இருக்கிறது. நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், இல்லாத 100 பேரில் 10 பேரைத் தவறாகப் பிடிக்கும். அப்படியானால் சரியாகப் பிடிபட்டவர் 90, தவறாகப் பிடிபட்டவரும் 90. சோதனை “ஆம்” என்றால் பாதிக்குப் பாதி உண்மை. அதே சோதனையை, 1000 பேரில் ஒருவருக்கு மட்டும் பாதிப்புள்ள ஊருக்குக் கொண்டுபோங்கள். சரியாகப் பிடிபட்டவர் ஒருவர், தவறாகப் பிடிபட்டவர் ஏறக்குறைய 100 பேர். சோதனை மாறவில்லை, விதி மாறவில்லை. ஊர் மாறியதும் விடையின் மதிப்பு மாறிவிட்டது. உங்கள் செயலியை எழுதியவர்கள் எந்த ஊரை மனதில் வைத்து எழுதினார்களோ, அந்த ஊர் நோயாளிகளுக்கு அது ஓரளவு சரியாகத்தான் இருந்திருக்கும்.

இது என் யூகம் இல்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1972-ல் இதைச் செய்து காட்டினார். திடீர் வயிற்று வலியோடு வந்த 304 பேர். குடல்வால் அழற்சியா, பித்தப்பையா, கணையமா, அல்சர் ஓட்டையா என்று கம்ப்யூட்டர் நிகழ்தகவுக் கணக்குப் போட்டது. அது 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது. அங்கிருந்த மூத்த மருத்துவர் 79.6 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. அதே லீட்ஸ் புள்ளிவிவரத்தை டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனபோது துல்லியம் நன்றாகவே இறங்கியது. அதே மனித வயிறு, அதே குடல்வால், பக்கத்து ஐரோப்பிய நாடு. அப்படியிருக்க அமெரிக்காவில் கட்டியது பாலக்கோட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

அந்த லீட்ஸ் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. இதைப் பலர் சொல்வதில்லை. பிறகு எட்டு மருத்துவமனைகளில், 16,737 நோயாளிகளிடம் பெரிய அளவில் நடத்திப் பார்த்தார்கள். 1986-ல் முடிவு வெளியானது. முதல் பார்வையிலேயே நோயைச் சரியாகச் சொல்வது 45.6 சதவீதத்திலிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்தது. குடல்வால் வெடித்த நிலையில் கண்டுபிடிக்கப்படுவது 23.7-லிருந்து 11.5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இந்த முன்னேற்றம் முழுவதும் கம்ப்யூட்டரால் வந்ததல்ல. கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதற்காக ஒரு படிவம் அடித்திருந்தார்கள்: வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, இருமினால் கூடுகிறதா, வாந்தி முன்னாலா பின்னாலா. இளம் டாக்டர்கள் அந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்ப ஆரம்பித்ததும், தங்கள் முடிவு எப்படி வந்தது என்று திரும்பப் பார்த்ததுமே கணிசமான பலனைத் தந்தன. எந்தப் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் வாதம் இருக்கிறது. படிவத்துக்குப் பங்கு உண்டு என்பதில் இல்லை.

என் பைத்தியத்துக்கு வருகிறேன். 1996 வாக்கில் மேற்படிப்பு முடித்த சூட்டோடு, கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து, டர்போ புரோலாக் என்ற நிரல்மொழியில் காய்ச்சலுக்கு ஓர் எக்ஸ்பர்ட் சிஸ்டம் எழுதினோம். எண்பது விதிகள். மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், டி.பி., சிறுநீர்த் தொற்று எல்லாம் உண்டு. ராத்திரி ராத்திரியாக எழுதி, தாளில் இருந்த பழைய நோயாளிகளை வைத்துச் சோதித்தால் பிரமாதமாகச் சொன்னது. சொல்லாமல் என்ன செய்யும், அந்த நோயாளிகளை மனதில் வைத்துத்தானே விதியே எழுதியிருந்தேன்! பிறகு அதை ஓபிக்குக் கொண்டுபோனேன். வரிசையில் இருநூறு பேர். ஓர் ஆளுக்கு நாற்பது கேள்வி. மூன்றாவது நோயாளி முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. அத்தோடு அது அடுப்பங்கரைப் பரணுக்குப் போனது.

ஆனால் உண்மையான தோல்வி கரண்ட் இல்லை. என் எண்பது விதிகளில் ஸ்க்ரப் டைபஸ் கிடையாது. புதரிலும் வயல் ஓரத்திலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். நோயாளிக்கு அது வலிக்காது, சொல்லவும் மாட்டார். இன்று இந்தப் பக்கம் விடாத காய்ச்சல் என்றால் சட்டையைக் கழற்றித் தேடுகிறோம்; டாக்சிசைக்ளின் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அந்தக் காலத்தில் எங்களில் பலர் அதை நினைக்கவே இல்லை. நான் நினைக்காததை என் நிரல் எப்படி நினைக்கும்? அது டைபாய்டு என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லியிருக்கும். பட்டியலில் இல்லாத நோயை எந்த எக்ஸ்பர்ட் சிஸ்டமும் கண்டுபிடிக்காது. அதோடு போகாது; பட்டியலில் இருப்பதில் ஏதாவது ஒன்றை அதன் இடத்தில் உட்கார வைத்துவிடும். உங்கள் அம்மாவுக்கு வந்த விடையும் இந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல், வார்த்தை. நம் ஊரில் “வாயு புடிச்சுக்கிச்சு” என்று வருபவருக்கு அஜீரணமாக இருக்கலாம், தசைப்பிடிப்பாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். நெஞ்சைத் தடவிக்கொண்டே வியர்த்த முகத்தோடு அதைச் சொன்னால் நான் ஈ.சி.ஜி. எடுக்க ஓடுவேன். முதுகை நெளித்துக்கொண்டு சொன்னால் ஓட மாட்டேன். செயலிக்கு இரண்டும் ஒரே சொல். “மேலுக்கு முடியல”, “கிறுகிறுங்குது”, “அடிவயித்துல சுருட்டிப் பிடிக்குது” என்பதையெல்லாம் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் போனால் பாதிப் பேர் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்வார்கள். அதைக் கேட்டு மகன் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். இத்தனை கை மாறி வந்த சொல்லைத்தான் கடைசியில் கணக்கில் போடுகிறோம். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். பதில் தட்டியது அம்மா இல்லை, நீங்கள். “காலையில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா?” என்று கேட்டிருக்கும், முடக்குவாதத்துக்கு அது முக்கியமான கேள்வி. அம்மாவைக் கேட்டா பதில் போட்டீர்கள்?

டாக்டர்கள் மட்டும் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. விடியற்காலை நாலரை மணிக்கு ஓர் இளைஞனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். தாங்க முடியாத வயிற்று வலி, ஒரு வாந்தி. முந்தின நாள் கல்யாண வீட்டுச் சாப்பாடு. அல்சர் வலி என்று ஊசி போட்டு, பார்வையில் வைக்கச் சொல்லிவிட்டு நான் போய்ப் படுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து டூட்டி சிஸ்டர் வந்து எழுப்பினார். “சார், அந்தப் பையனுக்குக் கண்ணு சொருகுது, இமை தூக்க முடியல. தரையில படுத்திருந்தானாம்.” அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டுவிரியன். அது ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காது, வீங்காது, பல தடவை பல் தடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிற்று வலியாகத் தொடங்கி, இமை தொங்கி, பேச்சு குழறி, மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்து ஏற்றி, வழியெல்லாம் கையால் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே சேலத்துக்கு அனுப்பினோம். பிழைத்தான். சிஸ்டர் விழித்திருந்ததால் பிழைத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு எனக்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம் ஒன்று தேவைப்பட்டது. “விடியற்காலை வயிற்று வலி, தரையில் படுத்தவர் என்றால் இமையைப் பார், கட்டுவிரியனை நினை” என்ற ஒற்றை விதி போதும். அது தூங்காது, புதிதாக வேலைக்குச் சேர்ந்ததாகவும் இருக்காது. ஆனால் அந்த விதியை அமெரிக்காவிலோ லீட்ஸிலோ யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். லீட்ஸின் வயிற்று வலிப் பட்டியலில் பாம்பு கிடையாது. அதை நம்மவர்கள்தான் எழுத வேண்டும். இப்போது பாம்புக்கடிக்கான நம் நாட்டுச் சிகிச்சை நெறிமுறையில் இது எழுதப்பட்டும் இருக்கிறது.

நம்மிடம் நன்றாக ஓடும் எக்ஸ்பர்ட் சிஸ்டங்கள் ஏற்கெனவே உண்டு. கரண்ட் வேண்டாம் என்பதால் யாரும் அவற்றை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. குழந்தைக்கு இருமல், காய்ச்சல் என்றால் கிராம சுகாதார செவிலியர் கையில் ஒரு வண்ண அட்டை இருக்கும். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அதற்கு எட்டினால் அல்லது மேலே போனால் வேக மூச்சு, நிமோனியாவை நினை. பால் குடிக்கவில்லை, வலிப்பு, அசையாமல் கிடக்கிறது என்றால் எண்ணிக்கொண்டிருக்காதே, உடனே அனுப்பு. இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்து, இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றியது. மைசினில் இருந்த அதே “இப்படியானால் அப்படி”தான். கேள்வி குறைவு, நோய் குறைவு, ஒவ்வொரு பதிலுக்கும் செய்ய வேண்டிய காரியம் உண்டு. சித்தேரி மலையில் வேலை பார்த்த செவிலியர்கள் இதை வைத்துக் குழந்தைகளைக் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே எதை நம்பலாம் என்பதற்கு என் பதில்: குறுகிய கேள்வி, தெளிவான அளவு, உள்ளூர் நோயாளிகளிடம் சோதித்தது என்றால் நம்பலாம். சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்லும் மென்பொருள்கள் இதில் சேரும். 2016-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வுக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் பயன்பட்டன. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் சந்தேகத்தைக் காட்டும் மென்பொருளை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொல்லியிருக்கிறது. இவை விதி எழுதிக் கட்டியவை இல்லை. லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியவை. அதனால் “ஏன்?” என்று கேட்டால் மைசின் மாதிரி வாய் திறக்காது. ஆய்வறையில் சரியாகச் சொல்வதும் களத்தில் சொல்வதும் ஒன்றில்லை என்பதற்குத் தாய்லாந்து ஓர் உதாரணம். அங்கே கண் படம் பார்க்கும் மென்பொருளைக் கிராமத்து மருத்துவமனைகளில் வைத்தபோது, ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று அது தள்ளிவிட்டது. படம் எடுத்த அறையில் போதிய இருட்டு இல்லை. அது ஒரு முக்கியக் காரணம்.

நீங்கள் பயன்படுத்திய மாதிரி, எந்த நோயானாலும் சொல்கிறேன் என்று பொதுமக்களுக்காக வரும் செயலிகள் அடுத்த ரகம். 2015-ல் இப்படிப்பட்ட 23 செயலிகளைச் சோதித்த ஓர் ஆய்வு உண்டு. சரியான நோயை முதல் பெயராகச் சொன்னது 34 சதவீதம். வீட்டிலேயே இருக்கலாமா, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்பதைச் சரியாகச் சொன்னது 57 சதவீதம். அதற்குப் பிறகு செயலிகள் முன்னேறியிருக்கின்றன. எவ்வளவு என்பதில் நிறுவனங்கள் தாங்களே சொல்லிக்கொள்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. இப்போது நாம் எழுதுவதற்கெல்லாம் சரளமாகப் பதில் பேசும் செயலிகளும் வந்துவிட்டன. “தர்மபுரி மாவட்டம், இருபது வருடம் போர் தண்ணீர்” என்று நீங்களே சேர்த்து எழுதியிருந்தால் அவற்றில் ஏதாவது ஒன்று புளோரைடைச் சொல்லியிருக்க வாய்ப்புண்டு. ஆனால் தண்ணீரைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டுமே. அது பேசும் தோரணையைப் பார்த்து, ஓர் ஆள் உட்கார்ந்து பரிசோதித்துச் சொல்கிறார் என்று ஏமாந்துவிடுவதுதான் என் பெரிய பயம்.

சரி, அம்மா. டாக்டர் கேட்டது நல்ல கேள்வி. நம் இரண்டு மாவட்டமும் பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு பாதிப்பு) தணிப்பு என்று இருக்கிறது. காவிரித் தண்ணீர் வந்த பிறகும், குழாய் வராத நாளிலும், களி கிண்டவும் சோறு வடிக்கவும் பல வீடுகளில் போர் தண்ணீரேதான். டாக்டரிடம் “ஒகேனக்கல் தண்ணிதான் குடிக்கிறோம்” என்பார்கள். சமைப்பது எதில் என்று தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அதோடு, பழைய வருடங்களில் எலும்பில் ஏறியது தண்ணீரை மாற்றியதும் இறங்கிவிடாது.

ஆனால் இங்கே செயலிக்கும் நியாயம் செய்ய வேண்டும். நம் ஊர் டாக்டருக்கும் ஊர்ப் பழக்கத்தால் வரும் ஒரு சாய்வு உண்டு. முப்பது வருடம் புளோரைடு பார்த்தவனுக்கு எல்லா முழங்காலும் புளோரைடாகத் தெரியும். 58 வயதில் மூட்டுத் தேய்மானம் மிகச் சாதாரணம். போர் தண்ணீர் குடிப்பவருக்கும் முழங்கால் தேயும். முடக்குவாதத்துக்கு மருந்து உண்டு, அதைத் தவறவிட்டால் விரல்கள் கோணிப்போகும். எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாக வெள்ளையாகத் தெரிந்தால் அது புளோரைடாக இருக்கலாம். அபூர்வமாக வேறிடத்துப் புற்றுநோய் எலும்பில் பரவினாலும் அப்படித் தெரியும். ஆகவே செயலி கொடுத்த பெயர்களைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, “இதெல்லாம் இல்லைன்னு பாத்துட்டீங்களா சார்?” என்று பணிவாகக் கேளுங்கள். டாக்டர் மறந்ததை நினைவூட்டுவதுதான் இந்தப் பொறிகளுக்குப் பொருத்தமான வேலை என்று நான் நினைக்கிறேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத மருத்துவர்கள் இருக்கிறார்கள்; கூகுளில் தேடிக்கொண்டு வருபவரைப் பார்த்தாலே கோபப்படுபவர்களும் இருக்கிறார்கள்.

அவர் எடுக்கச் சொல்லும் எக்ஸ்ரேயில் முழங்காலோடு முன்கையும் இருக்கட்டும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது புளோரைடுக்கு நல்ல சாட்சி. வீட்டிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடையை நெஞ்சில் படவைக்க முடிகிறதா, இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கோக்க முடிகிறதா. முடியாவிட்டால் புளோரைடு என்று அர்த்தம் இல்லை; முதுகெலும்பும் தோளும் இறுகியிருக்கின்றன என்று அர்த்தம். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது இவற்றில் ஏதாவது இருந்தால் தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். போர் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும்.

பல்லைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். “அம்மாவுக்குப் பல்லில் காவி இல்லை, அதனால் புளோரைடு இருக்காது” என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். பல்லின் எனாமல் உருவாவது ஏறக்குறைய எட்டு வயது வரை. அதற்குள் குடித்த தண்ணீர்தான் பல்லில் தெரியும். எலும்பில் ஏறுவதற்கு வயது வரம்பு இல்லை. நல்ல தண்ணீர் உள்ள ஊரில் பிறந்து வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவருக்குப் பல் வெள்ளையாகவும் முதுகு விறைப்பாகவும் இருக்கலாம். அம்மாவின் பிறந்த ஊர் எது, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுவிட்டுப் போங்கள், டாக்டர் கேட்பார்.